பேர் போடாத விசிட்டிங் கார்டு

இனிமேல் எவனுக்கும் சாவி எடுத்துக் கொடுக்கமாட்டேன் என்று ராத்திரி சார் சபதம் எடுத்தபோது, கேட்க வீட்டில் ஆள் இல்லை. சபதத்தை மடித்து வைத்துக்கொண்டு சாயங்காலம் வரைக்கும் காத்திருந்தார்.

ராத்திரி சார் என்பது தெருவில் அவருக்கு வைத்த பேர். ஊரில் பெரிய ஹோட்டல் ஒன்றில் ராத்திரி ரிசப்ஷனில் உட்காருவது அவர் வேலை. ஊர் உறங்கும்போது பல்லைக் காட்டி வரவேற்பார். விடிந்ததும் வீட்டுக்கு வருவார். அவர் உள்ளே நுழைகிற நேரத்துக்குத்தான் அவர் மனைவி மூக்குக் கண்ணாடிக் கடை வேலைக்கு வெளியே கிளம்புவாள். அவர்களுடைய இல்லறம் பெரும்பாலும் வாசல்படியிலேயே நடந்து முடிந்தது. "பால் பொங்கப் போகுது பாருங்க." "சரி." "கரண்ட் பில் கட்டிட்டேன்." "சரி." சூரியனும் சந்திரனும்கூட கிரகணத்துக்குக் கிரகணம் நின்று பேசும். இவர்களுக்கு அந்த வசதியும் இல்லை. மகள் கல்யாணமாகிப் போனபிறகு, வீட்டில் பகலில் ஒரு தூக்கம் இருந்தது, இரவில் இன்னொரு தூக்கம் இருந்தது. ஆள் யாரும் இருந்ததாகச் சொல்ல முடியாது.

சாயங்காலம் அவள் கைப்பையை வைத்ததும் வைக்காததுமாக அவர் அறிவித்தார்.

"நான் வேலையை விட்டுட்டேன்."

"எந்த வேலையை?"

"ஏன், எனக்கு எத்தனை வேலை இருக்கு?"

"வீட்ல நீங்க பாதியில விட்ட வேலையே நிறையக் கிடக்கு. அதான் எதுன்னு கேட்டேன்."

"ஹோட்டல் வேலையை. இனிமே நான் ஆலோசகர். ஹோட்டல், லாட்ஜ், சுற்றுலா கம்பெனி, எல்லாருக்கும் யோசனை சொல்லப் போறேன்."

"யார் கேட்டாங்க?"

"இனிமேதான் கேப்பாங்க."

அவர் சும்மா சொல்லவில்லை. ராத்திரி முழுக்கப் படித்த படிப்பு அது. தங்கிப் போனவர்கள் அறையில் விட்டுவிட்டுப் போன புத்தகங்கள்தான் அவருடைய கல்லூரி. விருந்தோம்பல் கலை, சுற்றுலா மேலாண்மை, வாடிக்கையாளரின் மனம் என்று பல கிடைத்தன. எல்லாமே யாரோ பாதியில் சலித்துப்போய்க் கட்டிலடியில் எறிந்தவை. எறிந்தவர்களுக்கு ஏறாத அறிவெல்லாம் தன் தலையில் ஏறியிருப்பதாக அவருக்கு நம்பிக்கை.

"இதுல முக்கியமானது மர்ம விருந்தாளி வேலை. முதலாளி கூப்பிடுவார். நாம யாருன்னு சொல்லாம சாதாரண ஆளா போய்த் தங்கணும். எது சரியில்ல, எது நல்லாயிருக்குன்னு மறுநாள் ரிப்போர்ட் கொடுக்கணும்."

"தங்கணும்னா, ராத்திரியா?"

"ராத்திரி தங்கினாத்தானே ஹோட்டலோட லட்சணம் தெரியும்."

"இத்தனை வருஷமா ஒரே ஹோட்டல்ல ராத்திரி இருந்தீங்க. இனிமே ஊர் ஊரா இருப்பீங்க. அப்படித்தானே?"

"அதுக்குப் பேர் வளர்ச்சி."

"யாருக்கு?"

படித்த புத்தகங்களில் அந்தக் கேள்விக்கான அத்தியாயம் இல்லை. அவர் தண்ணீர் குடித்தார்.

ஹோட்டல் மேனேஜர் ஒன்று மட்டும் செய்திருந்தார். மாதக் கடைசி வரைக்கும் நாற்காலியை யாருக்கும் கொடுக்கமாட்டேன், போன வேகத்தில் திரும்பி வந்தால் உட்கார்ந்துகொள்ளலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவமானமாக இருந்தாலும் அது ஒரு கெடு. அதற்குள் யோசனை கேட்க ஒரே ஒரு வாடிக்கையாளர் கிடைத்தாக வேண்டும். கிடைக்காவிட்டால் மறுபடியும் அதே நாற்காலி, அதே பல்.

முதல் காரியமாக விசிட்டிங் கார்டு அடித்தார். 'விருந்தோம்பல் மற்றும் சுற்றுலா ஆலோசகர்.' கீழே ஒரு போன் நம்பர். அவ்வளவுதான்.

மனைவி கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பேரைக் காணோமே?"

"மர்ம விருந்தாளிக்குப் பேர் எதுக்கு?"

"நம்பர் என்னோடதுல்ல?"

"பகல்ல என் போன் சத்தம் போடாதுல்ல. நானும் சத்தம் போடாம தூங்குவேன். என்னை யாருக்காவது வேணும்னா உனக்குத்தானே கூப்பிடுவாங்க? பழக்கத்துல உன் நம்பரையே எழுதிக் கொடுத்துட்டேன்."

"இப்பதான் வேலையே இல்லையே. பகல்ல முழிச்சுத்தானே இருப்பீங்க?"

"தூக்கத்துக்கு அது தெரியாதே."

உண்மைதான். அவர் வேலையை விட்டாலும் வேலை அவரை விடவில்லை. பகலில் சாய்ந்த இடத்தில் தூங்கினார். படுக்கையில் கண் திறந்து கிடந்தார். அருகில் அவள் தூங்குவதைப் பார்க்கும்போது, சாவி வாங்கிக்கொண்டு போய்விட்ட விருந்தாளி ஒருவரைப் பார்ப்பதுபோல இருந்தது. எழுப்பக் கூடாது. தொழில் தர்மம்.

கார்டுகளைக் கூரியரில் ஊர் ஊராக அனுப்பினார். மலை மேலே இருக்கிற விடுதி, கடலோர விடுதி எதையும் விடவில்லை. பிறகு காத்திருந்தார்.

காத்திருக்கிற மனிதனுக்குக் கை சும்மா இருக்காது. வீட்டிலேயே பயிற்சி எடுக்க ஆரம்பித்தார். செருப்பு ஸ்டாண்டின்மேல் ஒரு அழைப்பு மணி வந்தது. ஹோட்டல் கட்டிலில் மடித்து வைப்பதுபோலத் துண்டுகள் எல்லாம் வாத்து வடிவத்தில் உட்கார்ந்தன. சாயங்காலம் அவள் கதவைத் திறந்தபோது அவர் சட்டைப் பித்தானை எல்லாம் போட்டுக்கொண்டு குனிந்து நின்றார்.

"வாங்க, வணக்கம். பயணம் எப்படி இருந்தது?"

"பஸ்ல நின்னுக்கிட்டு வந்தேன்."

"தங்கறதுக்கு ரூம் வேணுங்களா?"

"இந்த ஹோட்டல்ல சாப்பாடு கிடைக்குமா?"

அவர் அடுப்படியைத் திரும்பிப் பார்த்தார். அதைப் பற்றிய புத்தகம் யாரும் விட்டுப் போகவில்லை.

"சாப்பாடு வெளியில ஏற்பாடு பண்ணிக்கணும் மேடம்."

"வெளியிலருந்துதான் வர்றேன்," என்று அவள் அடுப்படிக்குப் போனாள். "முகம் துடைக்கத் துண்டு எங்க?"

"அது வாத்தா இருக்கு."

"கழுத்தைத் திருகிட்டுக் கொடுங்க."

தினமும் அவள் வந்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்.

"போன் வந்துச்சா?"

"வந்துச்சு."

அவர் நெஞ்சு நிமிரும். "யாரு?"

"உங்க மக. உடம்பைப் பார்த்துக்கச் சொன்னா."

மறுநாள் கேட்டால், கண்ணாடி தயாரா என்று ஒரு பெரியவர் கேட்டார் என்பாள். அதற்கு மறுநாள், எவனோ தப்பு நம்பர். நெஞ்சு நிமிர்ந்து நிமிர்ந்து களைத்துவிட்டது. இத்தனை வருஷம் எத்தனை பேரை வாங்க வாங்க என்றோம், ஒருத்தருக்குக்கூட நம்மை வா என்று கூப்பிடத் தோன்றவில்லையே என்று ராத்திரி சார் வாத்துகளைப் பிரித்து மடித்துக்கொண்டே யோசித்தார். அலமாரியில் ஹோட்டல் சீருடை தொங்கிக்கொண்டிருந்தது. அது அவரைப் பார்த்துச் சிரிப்பதாக ஒரு சந்தேகம். கதவைச் சாத்தி வைத்தார்.

மாதம் முடியப் போகிற நேரத்தில் ஒரு சாயங்காலம் அவள் வந்ததும், அவர் கேட்கவே இல்லை. அவளே சொன்னாள்.

"ஒரு லாட்ஜ்காரர் கூப்பிட்டார். மர்ம விருந்தாளி வேணுமாம்."

அவர் எழுந்து நின்றுவிட்டார். "எந்த ஊரு?"

"பின் தெரு."

"எந்த ஊர்ல பின் தெரு?"

"நம்ம பின் தெருங்க. ஒரு மாடி லாட்ஜ், பச்சைக் கதவு போட்டது. பழைய பஸ் கண்டக்டர் ஒருத்தர் நடத்தறார்ல, அவர்."

அவர் மறுபடியும் உட்கார்ந்தார். "கடலைப் பார்த்த ரூம், மலையைப் பார்த்த ரூம்னு நினைச்சிருந்தேன்."

"இங்க நம்ம வீட்டைப் பார்த்த ரூம் இருக்காம்."

"கிண்டலா?"

"மாசக் கடைசி வருதேன்னு சொன்னேன். வேண்டாம்னா சொல்லிடறேன்."

"வேண்டாம்னு எப்ப சொன்னேன்? தொழில்ல தூரம் பார்க்கக் கூடாது."

"இன்னொண்ணும் சொன்னார். ரிப்போர்ட்ல முக்கியமா, முன்னாடி கவுன்டர்ல எப்படிப்பட்ட ஆள் உக்காரணும்னு விவரமா எழுதணுமாம்."

"அது எனக்குத் தண்ணி பட்ட பாடு."

"தெரியும்," என்றாள்.

மறுநாள் பிற்பகல் அவர் கிளம்பினார். தலையில் தொப்பி. கண்ணில் கறுப்புக் கண்ணாடி, அவள் கடையிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. காலிப் பெட்டி காற்றில் ஆடி காட்டிக்கொடுத்துவிடும் என்று புத்தகங்களை எல்லாம் அதில் அடுக்கினார். நேராகப் போனால் ஒரு பாட்டுப் பாடி முடிப்பதற்குள் லாட்ஜ் வந்துவிடும். வெளியூர் ஆள் அப்படியா வருவான்? முன் வாசல் வழியாக இறங்கி, பஸ் பிடித்து, ஊரைச் சுற்றி, எதிர்ப் பக்கத்திலிருந்து வருவது என்று திட்டம்.

திட்டம் மாடிப்படியிலேயே தடுக்கியது. கீழ் வீட்டுத் தையல்காரர் மெஷினை நிறுத்தினார்.

"என்ன ராத்திரி சார், பெட்டியோட?"

"வேலை விஷயம்."

"வீட்ல சண்டையா?"

"இல்லைய்யா, வேலை."

"வேலைன்னு சொல்லிட்டுத்தான் எல்லாரும் போவாங்க." தையல்காரர் நூலைப் பல்லால் கடித்தார். "நான் ஒண்ணும் கேக்கல சார். அம்மா தங்கமானவங்க. அதை மட்டும் சொல்லி வைக்கிறேன்."

"நாளைக்குக் காலையில வந்துடுவேன்."

"வரணும் சார். எங்க மாமாவும் அப்படித்தான் சொன்னார்."

ஊரைச் சுற்றி அவர் பின் தெருவுக்கு வருவதற்குள் செய்தி குறுக்கு வழியில் வந்து சேர்ந்துவிட்டிருந்தது. இரண்டு மூன்று ஜன்னல்கள் பரிதாபமாக அவரைப் பார்த்தன.

லாட்ஜ்காரர் தோளில் இன்னும் கண்டக்டர் தோல்பை தொங்கியது. நாற்காலியில் உட்காரும் பழக்கம் இல்லாதவர். கவுன்டரில் இடுப்பைச் சாய்த்து, வண்டி ஆடுவதுபோல லேசாக ஆடிக்கொண்டு நின்றார்.

"உள்ள போங்க, உள்ள போங்க, வழியில நிக்காதீங்க."

வழியில் ராத்திரி சாரைத் தவிர வேறு யாருமில்லை.

"ரூம் வேணும்."

"எத்தனை பேரு?"

"ஒருத்தர்தான்."

"எங்கருந்து ஏறினீங்க? வந்து, எங்கருந்து வர்றீங்க?"

"ரொம்ப தூரம்."

"முகம் பார்த்த முகமா இருக்கே."

"எல்லா ஊர்லயும் அப்படித்தான் சொல்றாங்க."

லாட்ஜ்காரர் தலையை ஆட்டிக்கொண்டே சாவியை நீட்டினார். "மாடியில பின்பக்கம் கடைசி ரூம். சில்லறையா கொடுத்தா நல்லது."

ராத்திரி சார் கையை நீட்டினார். நீட்டிய கைக்குச் சாவியை எப்படி வாங்குவது என்று தெரியவில்லை. ஆயுசெல்லாம் கொடுத்த கை. உள்ளங்கையை மேலே காட்டுவதா, விரலால் பிடிப்பதா என்று தடுமாறி, சாவி கீழே விழுந்தது. இரண்டு பேரும் சேர்ந்து குனிந்தார்கள்.

அறை சுத்தமாகத்தான் இருந்தது. தலையணை கொஞ்சம் கல். தாழ்ப்பாள் மேலே தள்ளினால் கீழே விழும். குழாய் திறந்தால் முதலில் இருமியது, பிறகுதான் தண்ணீர் விட்டது. எல்லாவற்றையும் எழுதினார். பக்கத்து அறையில் ஆளில்லை. எதிர் அறையிலும் ஆளில்லை. ஒருவன் வந்திருக்கிறான், சாப்பிட்டானா, தூங்கினானா என்று கேட்க ஒரு குரல் கிடையாது. தான் சாவி கொடுத்து அனுப்பிய அத்தனை பேரும் மேலே போய் இப்படித்தான் கட்டில் நுனியில் உட்கார்ந்திருப்பார்களா என்று முதல் தடவையாக அவருக்குத் தோன்றியது.

விளக்கு வைக்கிற நேரம். காற்றுக்காக ஜன்னலைத் திறந்தார். எதிரே அவர் வீடு இருந்தது.

சந்து அவ்வளவு குறுகல். கை நீட்டினால் துணிக்கொடியைத் தொடலாம் போலிருந்தது. கூடத்து ஜன்னலில் திரை விலகியிருந்தது. பக்கவாட்டில் வாசல் கதவு வரைக்கும் தெரிந்தது. ராத்திரி சார் தன் வீட்டைச் சாயங்காலத்தில் வெளியே இருந்து பார்த்ததே இல்லை. அந்த நேரத்தில் அவர் எப்போதும் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருப்பார்.

அவள் வந்தாள். விளக்குப் போட்டாள். ஸ்டாண்டிலிருந்து அவருடைய பழைய செருப்பை எடுத்து, வெளியே தன் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். டிவியைப் போட்டுவிட்டு அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். சாப்பாட்டைத் தட்டில் போட்டு, உட்காராமல், அடுப்புப் பக்கத்திலேயே நின்றுகொண்டு சாப்பிட்டாள். டிவியில் யாரோ ஏதோ சொல்ல, சிரித்துக்கொண்டே கூடத்து நாற்காலிப் பக்கம் திரும்பினாள். அங்கே ஒருவரும் இல்லை. சிரிப்பைப் பாதியில் விழுங்கிவிட்டு மறுபடியும் சாப்பிட்டாள்.

ராத்திரி சார் பேனாவை மூடி வைத்தார்.

அப்போது வாசல் கதவை யாரோ தட்டினார்கள். பார்சல் கொண்டு வருகிற ஆளாக இருக்க வேண்டும். அவள் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். கதவைத் திறக்கவில்லை. உள்ளே திரும்பி, படுக்கையறைப் பக்கம் பார்த்து, சத்தமாகக் கூப்பிட்டாள்.

"ஏங்க, யாரோ வந்திருக்காங்க பாருங்க."

ஒருவர் எழுந்து வருகிற நேரம் வரைக்கும் நின்றாள். பிறகு தானே போய்க் கதவைத் திறந்தாள்.

எதிர்ப்பக்கத்து ஜன்னலில், "இதோ வர்றேன்" என்று ராத்திரி சார் வாய்வரைக்கும் வந்ததைக் கையால் பொத்திக்கொண்டார். மர்ம விருந்தாளி சத்தம் போடக் கூடாது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கறுப்பாகத்தான் இருந்தது. மறுபடியும் துடைத்தார்.

அதற்குப் பிறகு ரிப்போர்ட் தானாக ஓடியது. கவுன்டரில் உட்கார வேண்டியவரைப் பற்றி மட்டும் பக்கம் பக்கமாக எழுதினார். நீண்ட அனுபவம் வேண்டும். வாங்க என்று சொல்லும்போது அது வாயிலிருந்து வரக் கூடாது, அதற்கும் கீழேயிருந்து வர வேண்டும். வயது நடுத்தரம், தலை கொஞ்சம் நரைத்திருந்தால் மரியாதை. துண்டில் வாத்து செய்யத் தெரிந்தால் விசேஷம். கடைசியாக மூன்று வரி, யோசித்து, அடித்து, மறுபடியும் எழுதினார்: 'அவர் நடந்து போகிற தூரத்தில் குடியிருக்க வேண்டும். பகலில் மட்டுமே வேலை கொடுக்க வேண்டும். சாயங்காலம் தன் வீட்டுக்குப் போகாத மனுஷனுக்கு அடுத்தவரை வரவேற்கத் தெரியாது.'

காலையில் கீழே இறங்கினார். "கடைசி ஸ்டாப், எல்லாரும் இறங்கிக்குங்க," என்று லாட்ஜ்காரர் காலியான மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். ராத்திரி சார் தொப்பியைக் கழற்றினார்.

"நீங்க அதிர்ச்சி அடையக் கூடாது. நான்தான் அந்த மர்ம விருந்தாளி."

"தெரியும் சார். கண்ணாடியில விலைச் சீட்டு தொங்குது."

ராத்திரி சார் காதோரம் தடவினார். தொங்கியது. ஊரைச் சுற்றி பஸ்ஸில் வந்தபோதும் தொங்கியிருக்க வேண்டும்.

லாட்ஜ்காரர் ரிப்போர்ட்டை வாங்கி, உதடு அசைய, விரல் வைத்துப் படித்தார். கடைசிப் பக்கம் வந்ததும் மடித்துத் தோல்பைக்குள் போட்டார்.

"அப்போ திங்கக்கிழமை வந்துடுங்க மாப்ள."

"எங்க?"

"இங்கதான். கவுன்டருக்கு. எனக்கு நின்னு நின்னு கால் போச்சு. வர்ற ஆளெல்லாம் நான் கத்தறதைக் கேட்டு அடுத்த லாட்ஜுக்குப் போயிடறான். நீங்க எழுதின ஆள் நீங்கதானே?"

"நான் ஆலோசகர் சார்."

"தங்கச்சி சொன்னது அப்படியே இருக்கு."

"எந்தத் தங்கச்சி?"

"கண்ணாடிக் கடையில உக்காந்திருக்கே, அந்தத் தங்கச்சி. கண்ணாடி மாத்தப் போனப்ப என் கஷ்டத்தைச் சொன்னேன். அது சொல்லுச்சு. 'அண்ணே, வேலைக்கு வர்றீங்களான்னு அவர்கிட்ட கேக்காதீங்க. கேட்டா வரமாட்டார். எப்படிப்பட்ட ஆள் வேணும்னு கேளுங்க. தன்னைத்தான் எழுதுவார். ஒரே ஒரு நாள் பின்பக்க ரூம்ல தங்க வைங்க, மீதியை நான் பார்த்துக்கறேன்'னு."

பெட்டி கனத்தது. இவ்வளவு புத்தகத்திலும் இந்த வித்தை எழுதியிருக்கவில்லை.

நேர் வழியாகவே வீட்டுக்கு நடந்தார். தையல்காரர் எழுந்து நின்று கும்பிட்டார். "திரும்பி வந்துட்டீங்க சார். எங்க மாமா வரவேயில்லை."

வழக்கம்போல வாசல்படியில் அவள் வேலைக்குக் கிளம்பி நின்றாள். அவர் பெட்டியைக் கீழே வைத்தார்.

"ஜன்னல் வழியா நான் பார்ப்பேன்னு தெரிஞ்சுதானே அதெல்லாம் செஞ்சே?"

"எதெல்லாம்?"

"செருப்பு. அப்புறம் அந்த, ஏங்க."

அவள் கைப்பையின் பட்டையைச் சரி செய்தாள். "அது நீங்க இல்லாத ராத்திரியெல்லாம் செய்யறதுதான். நேத்து திரையை மட்டும் விலக்கி வச்சேன்."

அவர் கதவுக்கு வெளியே கிடந்த தன் பழைய செருப்பைப் பார்த்தார். உண்மையிலேயே அதைப் போட்டுக்கொண்டிருந்தால் இவ்வளவு தேய்ந்திருக்காது என்று தோன்றியது.

"திங்கக்கிழமை போறேன்," என்றார். "ஆலோசகருக்குத்தான் ஒரு போன்கூட வரலையே."

"வந்துச்சே."

"எப்ப?"

"நிறைய. மலை மேல ஒரு விடுதிக்காரர், கடலோரத்துல ஒரு அம்மா. எல்லாம் ராத்திரி தங்கற வேலை. அதான் உங்ககிட்ட சொல்லலை."

"அவங்ககிட்ட என்ன சொன்னே?"

"யோசனை கேட்டாங்க, சொன்னேன். மலைக்காரருக்கு வயசானவங்கதான் வர்றாங்களாம். மெனுவையும் ரூம் நம்பரையும் பெரிய எழுத்துல போடுங்கன்னேன். மறுபடி கூப்பிட்டு நன்றி சொன்னார். ரெண்டு பேருக்கு என் பேரைச் சொல்லியும் விட்டிருக்கார்."

"உன் பேரையா?"

"கார்டுலதான் பேர் போடலையே. நம்பர் என்னோடது."

உள்ளே போய்க் கார்டு டப்பாவிலிருந்து ஒரு கட்டை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தாள். படியில் இறங்கியவள் நின்று திரும்பினாள்.

"அடுத்த மாசம் கடலோரத்து அம்மா என்னைத் தங்கிப் பார்க்கச் சொல்லியிருக்காங்க. கூட ஒரு ஆளைக் கூட்டிட்டு வரலாமாம். நீங்க வாங்க. உங்க முதலாளிகிட்ட லீவு நான் கேட்டுக்கறேன்."